சீமாட்டி தின்ற பிரசாதம்

அம்மணி, ஒரு நிமிடம். அந்தப் பச்சை வாயிற்கதவைத் தாண்டுவதற்கு முன்னால் சாலைக்கு இந்தப்புறம், இந்தப் பேருந்து நிழற்குடை இருக்கையில் சற்று அமருங்கள். தங்கள் கையிலுள்ள சீட்டில் எழுதியிருக்கும் முகவரி அதுதான், ஐயமில்லை. குதிரைப் பண்ணை. மனப் பதற்றம் உள்ளவர்களைக் குதிரையோடு பழகவிட்டுக் குணமாக்குகிறோம் என்று சொல்லிக்கொள்கிற இடம். தங்களுக்கா, வீட்டில் யாருக்காவதா?

மகனுக்கா. பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தி எடுக்கிறான். பாவம். இருந்தாலும் உட்காருங்கள். விசாரிக்காமல் எந்தக் கதவுக்குள்ளும் போகக்கூடாது.

அந்தத் தண்ணீர்ப் புட்டியைத் தொடாதீர்கள். தங்கள் தாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வருவதற்கு முன்பே யாரோ அதை இந்த இருக்கையின் மூலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஐந்து வாரமாகக் கவனித்து வருகிறேன். உள்ளே ஏதோ வேர் மிதக்கிறது, பாருங்கள். வெட்டிவேர் போலத்தான் இருக்கிறது. போல இருப்பதெல்லாம் அதுவாகிவிடுமா?

என் பெயர் தில்லைநாயகம். பேரூரில் வீடு. மின்வாரியத்தில் மின்திருட்டைக் கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன். இப்போது மாலைதோறும் கோயிலில் பதிகம் ஓதும் குழுவில் இருக்கிறேன். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் மீட்டர் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால் அதற்கு என்ன பொருள்? எங்கோ ஒரு கம்பி மறைவாகப் போகிறது என்று பொருள். அந்தக் கம்பியைத் தேடுவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்தப் பண்ணையிலும் விளக்கு எரிகிறது, அம்மணி. மீட்டர் சுற்றவில்லை.

சொல்கிறேன். என் மகள் மரகதம். ஒரே மகள், இருபத்தேழு வயது. நூலகப் படிப்பில் தங்கப் பதக்கம். இப்போது உள்ளேதான் இருக்கிறாள். நாளைக் காலை ஆறரை மணிப் பேருந்தில் திருச்சிக்குப் புறப்படுகிறாள், தனியாக. அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, விடுதியில் அறை. ஓராண்டுக்கு முன் எங்கள் தெருமுனைக் கடைவரை தனியாகப் போக முடியாத பெண், நாளைக்கு ஐந்து மணிநேரப் பயணம் போகிறாளாம். யார் கொடுத்த துணிவு? ஒரு குதிரை கொடுத்ததாம்!

அவளுக்கு வந்தது என்னவென்றால், பேருந்தில் ஏறினால் நெஞ்சு அடைக்கும், விரல்கள் மரத்துப்போகும், இப்போதே இறந்துவிடுவோம் என்று தோன்றும். பாதி வழியில் இறங்கிச் சாலையோரத்தில் நின்றுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைப்பாள். நான் போய் அழைத்து வருவேன். பிறகு அந்தத் தொல்லையே வேண்டாம் என்று நானே நாளுக்கு எட்டு முறை, பத்து முறை அழைத்து, "ஏறிவிட்டாயா, இறங்கிவிட்டாயா, நெஞ்சு எப்படி இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தந்தை வேறு எப்படி இருக்க முடியும்? நான் கேட்கக் கேட்க அவளுக்கு நோய் கூடிக்கொண்டே போனது. கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவளுடைய தாய் வடிவாம்பாள் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில் மறைந்தாள். அன்று நான் ஓர் ஆலையில் சோதனையில் இருந்தேன். கைபேசியை ஒலியடக்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவளிடமிருந்து ஆறு அழைப்புகள். பேருந்தில் வந்துகொண்டிருந்த மரகதத்துக்கு நான்தான் தொலைபேசியில் செய்தி சொன்னேன். ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது அப்போதே முடிந்துபோனது.

மருத்துவர்தான் இந்த இடத்தைச் சொன்னார். முதல் நாளே எனக்கு ஐயம் தட்டியது. குதிரை ஏறக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போனால், ஏறுவதே கிடையாதாம்! பிரஷ்ஷால் குதிரையைத் தேய்க்க வேண்டும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான். மந்திரம் இல்லை, மருந்து இல்லை. பண்ணையை நடத்துகிற பிரிசில்லா என்ற அம்மையார் மனநலம் படித்தவர். முழங்கால்வரை சேற்றுக் காலணி போட்டுக்கொண்டு வந்து, "சார், குதிரை பயந்த சாதி. புலி எங்க இருக்கும்னு பார்த்துப் பார்த்தே வளர்ந்தது. பக்கத்துல நிக்கிறவங்க பதறினா அதுவும் பதறும். வெளிய சிரிச்சுட்டு உள்ள நடுங்கினா அதுக்குத் தெரிஞ்சுரும். அதனால மனுசங்க மெதுவா மூச்சு விடக் கத்துக்கிறாங்க" என்றார்.

"அப்படியானால் என்னைப் பார்த்துச் சொல்லட்டும்" என்றேன் நான். எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது, சர்க்கரை கிடையாது. நாள் தவறாமல் நீறணிந்து இறைவனைத் தொழுகிறவன். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பெண்குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது, செம்பழுப்பு நிறம், பெயர் சீமாட்டி. நான் புன்னகையோடு, வலது காலை முன்வைத்து, அதனருகே சென்றேன். அது என்னை ஒருமுறை பார்த்தது. மூக்கை விடைத்தது. பிறகு திரும்பி நின்று பின்புறத்தைக் காட்டியது, அம்மணி. எனக்கு!

மரகதம் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அதனால் அந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க நெஞ்சு அடிக்கிறது சீமாட்டிக்குக் கேக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் பிரிசில்லா. வேலிக்கு இந்தப்புறம் உட்காரச் சொன்னார்கள். அடுத்த வாரம் மாமரத்தடிக்கு. அதற்கடுத்த வாரம் அலுவலக அறைக்குள். பெற்ற தந்தையைப் படிப்படியாக அகற்றுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று ஐயுறாமல் இருக்க முடியுமா? பக்தர்களாகிய நமக்குத் தெரியாத குதிரைக் கதையா? நரிகளையே குதிரைகளாக்கிப் பாண்டியன் முன்னால் நிறுத்தினான் ஆலவாய் இறைவன். பகலில் பார்த்தவர்கள் என்ன அழகிய குதிரைகள் என்றார்கள். இரவில்தானே ஊளை கேட்டது. நான் அந்த ஊளைக்குக் காது வைத்துக் காத்திருந்தேன்.

ஆனால் மரகதம் தேறிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு மிகவும் கவலையளித்தது. கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துவதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. முன்னால் நடப்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. வருகிறதா, வருகிறதா என்று திரும்பிப் பார்த்தால் குதிரை நின்றுவிடுமாம். போக வேண்டிய இடத்தைப் பார்த்து நடந்தால் தானே பின்தொடருமாம். "இதென்ன பாடம்? பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பதுதானே பண்பு?" என்று கேட்டேன். "அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்றாள் மரகதம். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆகவே சோதனையில் இறங்கினேன். லாயத்துக்குப் பின்னால் ஒரு வாளியில் வெண்மையான பொடி இருந்தது. கேட்டால் உப்பு என்றார்கள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புதான். ஆனால் உப்பு மட்டும்தானா? அவ்வளவு பெரிய விலங்கு, பந்தயத்தில் பறந்த விலங்கு, மணிக்கணக்கில் ஒரு பெண் தேய்ப்பதற்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறதென்றால் அதற்கு மயக்கம் ஏதோ கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதன் முன்னால் கிடந்ததோ வெறும் உலர்ந்த புல். பட்டினி போட்டு அடக்குகிறார்களோ என்றும் தோன்றியது.

அந்த வாரம் சனிப் பிரதோஷம். கோயிலில் சர்க்கரைப் பொங்கல், கொள்ளுச் சுண்டல். மறுநாள் காலையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி நிறைய எடுத்துக்கொண்டேன். கொள் குதிரைக்கு உரியது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். பொங்கலோ இறைவனுக்குப் படைத்தது. மயக்க மருந்து எதுவும் அதன் உடலில் இருந்தால் பிரசாதம் அதை முறித்துவிடும், பட்டினி என்றால் பசியும் தீரும். எப்படிப் பார்த்தாலும் நன்மையே. தாங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பிரிசில்லாவும் மரகதமும் சேணம் வைக்கும் அறையில் இருந்தபோது லாயத்துக்குப் போனேன். ஒன்பது மணி இருக்கும். போசியைத் திறந்ததும் ஏலக்காய் மணம் எழுந்தது. சீமாட்டி வந்தது. என்னிடம், அம்மணி. என்னைக் கண்டால் திரும்பி நிற்கிற குதிரை காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் உதடு வைத்தது. அந்த மூச்சின் வெதுவெதுப்பு… சரி, விடுங்கள். அள்ளி அள்ளிக் கொடுத்தேன். போசி காலியாகும்வரை கொடுத்தேன். வடிவாம்பாள் போன பிறகு என் கையால் ஓர் உயிர் உண்டது அன்றுதான்.

பதினோரு மணிக்கு அது தரையைக் காலால் கீறத் தொடங்கியது. தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது. பிறகு படுத்து உருண்டது. உருண்டு எழுந்து, மறுபடி உருண்டது. உடம்பெல்லாம் வேர்வை. பிரிசில்லா ஓடி வந்து கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலி! உருள விடக்கூடாது, குடல் முறுக்கிக்கும்! குதிரையால வாந்தி எடுக்க முடியாது. மரகதம், டாக்டருக்குப் போன் பண்ணு!" என்று கத்தினார்.

மரகதம் முன்பின் அறியாதவர்களோடு தொலைபேசியில் பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதுகூட நான்தான். "நான் பேசுகிறேன், கொடு" என்றேன். அவள் கொடுக்கவில்லை. மூச்சை நீளமாக விட்டாள். விட்டுவிட்டுப் பேசினாள். கால்நடை மருத்துவர் அங்கிருந்து எதையோ கேட்டார். அவள் எங்கள் பக்கம் பார்த்து, "புதுசா ஏதாச்சும் தின்னுச்சான்னு கேக்கறாருங்க" என்றாள்.

"புல்லத் தவிர ஒண்ணுமில்ல" என்றார் பிரிசில்லா.

நான் எதுவும் சொல்லவில்லை. அது பொய் ஆகாது, அம்மணி. என்னிடம் நேரடியாகக் கேட்கப்படவில்லை.

மரகதம் என் கையைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்த போசியைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியில், நிதானமாக, புத்தகத்தின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள்: "சர்க்கரைப் பொங்கல், டாக்டர். கொள்ளுச் சுண்டலும். ஒரு தூக்குப்போசி நிறைய. ஒன்பது மணி வாக்குல."

எப்படித் தெரிந்தது அவளுக்கு? அங்கே மறைவாகக் கேமரா வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. இன்றுவரை அதை நான் கண்டுபிடிக்கவில்லை.

மருத்துவர் வந்து சேர ஒன்றே முக்கால் மணிநேரம். அதுவரை குதிரையை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்களாம். பிரிசில்லா சிறிது தூரம் நடத்தினார். குதிரை உருண்டபோது அவருக்கு முழங்காலில் அடிபட்டிருந்தது. மரகதம் கயிற்றை வாங்கிக்கொண்டாள். நானூறு கிலோவுக்கு மேலிருக்கும் அந்த உடம்பு. வலி வரும்போதெல்லாம் முன்னங்காலை மடக்கப் பார்க்கும். "விட்டுவிடு, மரகதம்! உதைக்கும்! மிதித்துவிடும்!" என்று வேலியோரமாக நானும் கூடவே ஓடினேன். நான் கத்தும்போதெல்லாம் குதிரை நின்றது. நின்றால் படுக்கப் பார்த்தது.

"அப்பா," என்றாள் அவள், திரும்பாமலே. "நீங்க பேசாம இருந்தா இவ நடப்பா. நின்னா செத்துருவா. எது வேணும்னு சொல்லுங்க."

பெற்ற தந்தையிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். ஐந்தெழுத்தை மனத்துக்குள் ஓதிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு நெஞ்சை ஏதோ அழுத்தியது. விரல்கள் மரத்தன. வெயில்தான். பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். பிரிசில்லா அருகில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "சார், இது உங்களுக்கு எத்தனை வருசமா இருக்கு?" என்று கேட்டார். எது என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் முடிவே இராது. "ஆறு தடவை அழைத்தாள்" என்று மட்டும் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். ஊசி போட்டார். மாலை ஐந்தரை மணிக்குச் சீமாட்டி சாணம் போட்டது. அதற்குக் கைதட்டினார்கள், அம்மணி! படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், குதிரை சாணம் போட்டதற்குக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புழுதி.

அதன்பின் என்னை வாயிற்கதவுக்குள் விடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது பிரிசில்லா அல்ல, மரகதம். வீடு திரும்பும் வழியில் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. இரவு தோசை வார்த்து வைத்துவிட்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போயிக்கிறேனுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். பிரசாதம் எந்தத் தீங்கும் செய்யாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். "பிரசாதம் நல்லதுதாங்கப்பா. அதை வேவு பாக்க அனுப்பினீங்க பாருங்க, அதுதான்" என்றாள். இதை நான் கோயில் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே ஐந்து வாரமாக அவள் எட்டேகால் பேருந்தில் வருகிறாள். நான் வீட்டில் பதிகம் ஓதிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த பேருந்தில் நான் வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. மறைந்து நின்று கவனிப்பதில் எனக்கு முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம்.

இப்போது தங்களை ஏன் நிறுத்தினேன் என்றால், ஒரு சிறிய உதவி. தாங்கள் விசாரிக்க உள்ளே போகும்போது நீலச் சுடிதாரில் ஒரு பெண் இருப்பாள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள். உதடு வெளுத்திருக்கிறதா? கை நடுங்குகிறதா? நடுங்கினால் நாளைய பயணத்தை நிறுத்திவிடலாம். நடுங்கவில்லை என்றால்… நடுங்கவில்லை என்றாலும் வந்து சொல்லுங்கள். இன்று அவளுக்குக் கடைசிப் பாடம். குதிரையைப் பண்ணைக்கு வெளியே, வண்டிகள் போகிற சாலையில், அந்த வளைவில் நிற்கிற வேப்பமரம்வரை தனியாக நடத்திச் சென்று திரும்ப வேண்டும். அவளுடைய குறிப்பேட்டில் படித்தேன். படிக்கவில்லை, கண்ணில் பட்டது.

அதோ, கதவு திறக்கிறது. பேசாதீர்கள். இந்தத் தூணுக்குப் பின்னால் சற்று நகர்ந்துகொள்கிறேன்.

வருகிறாள். பாருங்கள், அவள்தான். உதடு வெளுக்கவில்லையே? எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. குதிரையும் வருகிறது. சாலையைக் கடக்காமல் எதிர்ப்புற ஓரமாகவே… ஏன் நிற்கிறது? நமக்கு நேர் எதிரே ஏன் நிற்கிறது? காதுகளைப் பாருங்கள், அம்மணி, இரண்டும் இந்தப் பக்கம். லாரி வருகிறது. போ, சீமாட்டி, போ. ஏன் நகராமல் நிற்கிறது? கடந்துவிட்டது. லாரி போய்விட்டது. குதிரை அசையவில்லை. கயிறு இறுகியிருக்கிறது. அவள் திரும்பவில்லை. முதுகைத்தான் பார்க்கிறேன்.

"அப்பா."

என்னையா? என்னைத்தான் அழைக்கிறாள்.

"அப்பா, மொதல்ல அந்தத் தண்ணியக் குடிங்க. அஞ்சு வாரமா வெச்சிட்டுப் போறேன், அஞ்சு வாரமும் அப்படியே கெடக்குது. இந்த வெயில்ல ஒரு மனுசன் மூணு மணிநேரம் தண்ணியில்லாம உக்காருவாரா?"

அம்மணி, கேட்டீர்களா?

"நீங்க மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இவ நகர மாட்டா. நாளைக்கு நானும் அப்படித்தான் நிப்பேன். பஸ் ஏறினதும் நானே கூப்பிடறேன், எறங்கினதும் கூப்பிடறேன். நடுவுல நீங்க கூப்பிடாதீங்க. அம்மா கூப்பிட்டப்ப நீங்க எடுக்காம போனதுக்கு நான் ஒரு நாளும் உங்களைக் கோவிச்சதில்லீங்கப்பா. மூச்சை விடுங்க."

அந்தப் புட்டியை எடுத்துக் கொடுங்கள். மூடி இறுகலாக இருக்கிறது. தாங்களே திறந்துவிடுங்கள், என் விரல்கள்… வெயில். இல்லை. வெயில் இல்லை.

வெட்டிவேர்தான். வடிவாம்பாள் பானையில் போடுவது போலவே நூலால் முடிச்சிட்டுப் போட்டிருக்கிறாள். ஐந்து வாரம். ஐந்து வாரமும் நான் வருவேன் என்று தெரிந்து, எனக்கு முன்னால் வந்து வைத்துவிட்டு…

இருங்கள். மூச்சு. அவர்கள் சொல்வது போல நீளமாக. நான் ஓதும்போது ஓர் அடி முழுவதையும் ஒரே மூச்சில் பாடுகிறவன். இது எவ்வளவு கடினமாக இருக்கிறது, பாருங்கள். இன்னொரு முறை.

நகர்கிறது. அம்மணி, குளம்புச் சத்தம் கேட்கிறதா? கயிறு தளர்ந்துவிட்டது. அதோ வளைவுக்குப் போய்விட்டாள். வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாக நடக்கிறாள். அப்படித்தான் நடக்க வேண்டும்.

கதவு திறந்துதான் இருக்கிறது. தாங்கள் உள்ளே போகலாம். மகனை அழைத்து வாருங்கள். வரும்போது தின்பண்டம் எதுவும் கொண்டுவராதீர்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், அம்மணி. தெரிந்தவர் வைத்த தண்ணீர்தான்.